விமானம் ஏறவில்லை, மலை ஏறினார்: கோத்தகிரியில் ஒரு டைவருக்கு வந்த அழுத்த நோயும் அதன் செலவும்

கோத்தகிரியில் 14 வருடமாக மருத்துவக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். இங்கே பதிவு செய்வது என்னிடம் பாலிசி எடுத்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். கிராமம், வேலை செய்யும் இடம், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் எதற்கும் பெயர் சொல்லப் போவதில்லை. நடந்ததில் என் தவறும் ஒன்று உண்டு. அதை நடுவில், அது நடந்த நேரத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

டைவ் செய்தவர் அந்தக் குடும்பத்தின் மகன், அவருக்கு 33 வயது. கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமம், சுமார் 1,800 மீட்டர் உயரம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போட்டு மாதம் ஒருமுறை பணம் வாங்கும் குடும்பம். மகனுக்குக் கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. கல்யாணத்துக்குப் பிறகு அந்தமானுக்குப் போனபோது ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது) பிடித்துப்போய், முறையாகக் கற்று 30 மீட்டர் வரை போகும் சான்றிதழும் வாங்கினார். வருடத்துக்கு மூன்று நான்கு முறை புதுச்சேரிக்குப் போய் டைவ் செய்துவிட்டு வருவார்.

குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவ பாலிசி ஒன்று, நான் போட்டுக் கொடுத்தது. டைவர்களுக்கென்று இருக்கும் தனிக் காப்பீடு அவரிடம் இல்லை. இருப்பது தெரியும், "அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டிருக்கிறார்.

அது ஒரு பிப்ரவரி மாதம். சனிக்கிழமை மூன்று டைவ், ஞாயிறு காலை இரண்டு. அதிகபட்ச ஆழம் சனிக்கிழமை 26 மீட்டர். ஞாயிறு 22, பிறகு 17. கடைசியாக நீரிலிருந்து மேலே வந்தது ஞாயிறு பகல் 12.10 மணிக்கு. எந்த டைவிலும் விதி மீறவில்லை. மெதுவாகத்தான் ஏறினார், 5 மீட்டரில் நின்றும் வந்தார். லாக் புக்கில் எல்லாம் எழுதியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பிய கணக்கு

20 மீட்டர் ஆழத்தில் உடம்பைச் சுற்றியுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேருகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். அது முடிவதற்குள் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால், கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் நுரைப்பது போல, கரைந்த வாயு குமிழியாக மாறும். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத் தண்டிலோ மூளையிலோ நின்றால் மரத்துப்போதல், பலவீனம், இன்னும் மோசமானவை. இதுதான் அழுத்த நோய்.

இதனால்தான் டைவ் செய்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் நிறுத்தங்கள் கட்டாயமாகும் ஆழமான டைவுக்கு அதைவிட இன்னும் அதிக நேரம். விமானத்துக்குச் சொன்னாலும் இதன் அடிப்படை உயரம்தான். 600 மீட்டருக்கு மேல் போகும் எதற்கும் இது பொருந்தும். பறக்கும் பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் மலையில் இருக்கும் அழுத்தம். அதாவது கோத்தகிரியும் ஊட்டியும் இருக்கும் உயரம். நீலகிரிக்காரருக்கு வீட்டுக்குப் போவதும் விமானம் ஏறுவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

அவர் இதை யோசிக்காதவர் இல்லை. 12 மணி நேரம் என்ற எண் அவர் மனதில் இருந்தது. நண்பரின் காரில் 1.30-க்குக் கிளம்பி, கோவையில் சாப்பிட்டு, மேட்டுப்பாளையத்தை 11 மணிக்குக் கடந்து, இரவு 12.20-க்கு வீடு வந்து சேர்ந்தார். "12 மணி நேரம் ஆச்சு" என்று நண்பரிடம் சொல்லவும் செய்தார். அதில் இரண்டு பிழைகள். ஐந்து டைவ் செய்தவருக்கு அந்த எண் பொருந்தாது. அடுத்தது, வீட்டு வாசலில் நேரத்தைப் பார்த்தார், ஆனால் 600 மீட்டரைத் தாண்டியது அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட, கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் 'பறக்காதே' என்று காட்டும் சின்ன விமானப் படம் அப்போதும் அணையவில்லை. "நான் ஃப்ளைட்லயா போறேன்னு நினைச்சேன்" என்றார் பிறகு.

திங்கள் காலை

அதிகாலை 3 மணிக்கு இடது தோளில் ஆழமான வலி. சிலிண்டர் தூக்கியதால் இருக்கும் என்று தைலம் தேய்த்துப் படுத்தார். 6 மணிக்கு வயிற்றில் அரிப்பு, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பும் நீலமும். இடது கை விரல்களில் குறுகுறுப்பு. பல் தேய்க்கும்போது பிரஷ் கை நழுவியது. அதற்குப் பிறகுதான் மனைவியிடம் சொன்னார்.

7 மணிக்குப் புதுச்சேரிப் பயிற்சியாளரை அழைத்தார்கள். அவர் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. அழுத்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், நூறு சத ஆக்சிஜன் வேண்டும், முதலில் மலையை விட்டு இறங்குங்கள், சேம்பர் (காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் மூடிய அறை) உள்ள இடத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணையும் கொடுத்தார். 1980-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமைப்பு அது. உறுப்பினராக இல்லாதவரும் அவசரத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது. உறுப்பினராக இருந்து அவர்களின் காப்பீடும் எடுத்திருந்தால், சேம்பரோடு பணம் பேசும் வேலையையும் அவர்களே பார்த்திருப்பார்கள். இவருக்கு ஆலோசனை மட்டும்தான்.

7.40: நான் சொன்ன பதில்

அவர் மனைவி என்னை அழைத்தது 7.40-க்கு. "அண்ணா, டைவிங் போயிட்டு வந்தார், அதனால உடம்புக்கு முடியல. சேம்பர்ல வைக்கணுமாம். நம்ம பாலிசியில வருமா?"

நான் பாலிசியைத் திறந்து பார்க்கவில்லை. "ஸ்கூபா எல்லாம் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்மா, அதுக்கு வராது" என்றேன். முகவர் பயிற்சியில் பல வருடம் முன்பு மனப்பாடம் செய்த வரி. அவசரத்தில் அதுவே வாயில் வந்தது.

அடுத்து நடந்தது முழுக்க இந்த ஒரு பதிலைச் சுற்றியே நடந்தது. கொச்சியில் சேம்பர் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை அழைத்தபோது முன்பணம் ஒரு லட்சம் கேட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லை என்றால் மொத்தமும் கையிலிருந்து. அப்பா முடிவு எடுத்தார்: 10 மணிக்குக் கூட்டுறவுச் சங்கம் திறக்கும், மருமகளின் ஆறு பவுன் நகையை வைத்துப் பணத்தோடு போவோம். அந்த வீட்டில் இது புது முடிவில்லை. இலைப் பணம் வரத் தாமதமானால் எல்லாருமே செய்வதுதான்.

இதற்கிடையில் 8.30-க்கு உள்ளூரில் ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனார்கள். இசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தார்கள். 9.10-க்குப் பயிற்சியாளர் டியூட்டி டாக்டரிடம் போனில் பேசிய பிறகு, பை உள்ள முகமூடி மாட்டி 15 லிட்டராக ஏற்றினார்கள். இந்த நோயை அந்த டாக்டர் முன்பு பார்த்ததில்லை. மலை மேல் மருத்துவம் பார்ப்பவருக்கு டைவர் வருவது அபூர்வம், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டு உடனே மாற்றினார்.

அங்கே ஒரு சித்தப்பா வந்தார். "தோட்டத்துல வழுக்கி விழுந்து தோள்ல அடின்னு சொல்லிடுங்க, கிளைம் வந்துரும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான். மனைவி உடனே மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: விழுந்தார் என்று எழுதினால் எலும்பு டாக்டரிடம் அனுப்புவார்கள், சேம்பருக்கு யார் அனுப்புவார்கள்? காப்பீட்டுக் கோணத்திலும் அது சரி. பொய்யான தகவலோடு போகும் கிளைம் பின்னால் பாலிசியையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

சங்கத்தில் எடை பார்த்து, கையெழுத்தெல்லாம் முடிந்து 2 லட்சம் கையில் வர 10.50. ஆம்புலன்ஸ் கிளம்பியது 11.05.

எங்கே, எந்த வழியாக

சேம்பர் என்று பெயர் இருக்கும் எல்லா இடத்திலும் டைவருக்குச் சிகிச்சை கிடைக்காது என்பது அன்று காலைதான் எங்களுக்குத் தெரிந்தது. பல மருத்துவமனைகளில் இருப்பது சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காக வைத்திருப்பது. பகலில் மட்டும் இயங்கும், 2 முதல் 2.4 வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம். டைவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முதல் சிகிச்சை அமெரிக்கக் கடற்படையின் 6-ஆம் அட்டவணை. அது 2.8 வளிமண்டல அழுத்தத்தில், அதாவது 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாகத் தொடங்கி, மொத்தம் 4 மணி 45 நிமிடம் நடக்கும். சமவெளியில் முதலில் அழைத்த இடம் டைவர் கேஸ் எடுப்பதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னதே உதவிதான். அழகு நிலையங்களிலும் ஆரோக்கிய மையங்களிலும் காற்று ஊதி நிற்கும் மெத்தென்ற பை மாதிரி சேம்பர்களில் அழுத்தம் 1.3 அளவுதான், அவை இதற்கு உதவாது.

சென்னையா, கொச்சியா என்று பேச்சு வந்தது. கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேர விமானம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விமானத்தில் ஏற்றினால் மறுபடியும் மலை ஏற்றிய மாதிரி. கடல் மட்ட அழுத்தத்தில் வைத்தபடி பறக்கும் ஏர் ஆம்புலன்ஸ் உண்டு, அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். சாலை வழியே சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி 260 கிலோமீட்டர் அளவில், அதிலும் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிட்டால் கோவை, பாலக்காட்டுக் கணவாய், திருச்சூர் என்று எங்கும் பெரிய ஏற்றம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை உயரம் ஏறாமல் கடக்க இருக்கும் பெரிய வாசல் அது. இதே நோயாளி கொடைக்கானலில் இருந்திருந்தால், கொச்சிக்குப் போடி, மூணாறு வழி கிட்டே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது இன்னொரு மலை. அங்கிருந்தும் பழனிப் பக்கம் இறங்கி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத்தான் போக வேண்டும்.

ஆக்சிஜன் கணக்கு

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆம்புலன்ஸில் இரண்டு பி டைப் சிலிண்டர். ஒவ்வொன்றிலும் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் ஒன்று 100 நிமிடம்தான், இரண்டும் சேர்ந்து 3 மணி 20 நிமிடம். பயணமோ ஆறரை மணி நேரம். டிரைவர் அனுபவசாலி. கிளம்பும் முன்பே கோவையில் தெரிந்த கடைக்குச் சொல்லிவிட்டு, அங்கே இரண்டு சிலிண்டர் மாற்றிக்கொண்டார். செலவு 1,200 ரூபாய். ஜம்போ என்கிற டி டைப் சிலிண்டரில் 7,000 லிட்டர் இருக்கும், அது ஒன்றே ஏழரை மணி நேரத்துக்கு மேல் வந்திருக்கும். வண்டியை அழைக்கும்போதே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் உடம்பிலுள்ள குமிழி கால் பங்கு அளவுக்குப் பெருத்திருக்கும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் தோள் வலி பாதியாகக் குறைந்தது என்று அவர் சொன்னார். ஆக்சிஜனும் அதற்குக் காரணமாக இருக்கலாம், இறக்கமும் இருக்கலாம். விரல் குறுகுறுப்பு மட்டும் போகவில்லை.

சேம்பருக்குள்

மாலை 5.40-க்குக் கொச்சி. 6.30-க்குச் சேம்பரில் ஏற்றினார்கள். முதல் அறிகுறி தோன்றி பதினைந்தரை மணி நேரம். முதல் ஆக்சிஜன் சுற்றிலேயே தோள் வலி முழுதாகப் போய்விட்டது. கைப் பிடி பலம் இரவுக்குள் திரும்பியது. விரல் நுனியில் மட்டும் மரப்பு மிச்சம். செவ்வாயும் புதனும் குறைந்த நேரச் சிகிச்சை ஒவ்வொன்று. முதுகுத் தண்டு எம்ஆர்ஐயில் பாதிப்பு எதுவும் இல்லை. வியாழன் டிஸ்சார்ஜ். நரம்பு அறிகுறி இருந்ததால் இரண்டாம் வகை அழுத்த நோய் என்று எழுதினார்கள். மலைக்கு எப்போது திரும்பலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் சில நாள் தங்கிவிட்டு மேலே வந்தார்.

பில்

மருத்துவமனை பில் 1,74,600 ரூபாய். சேம்பர் மூன்று தடவைக்கு 1,14,000: முதல் தடவை 72,000, மற்றவை தலா 21,000. ஐசியூ ஒரு நாள் 16,500, அறை 9,000, எம்ஆர்ஐ 11,000, டாக்டர்கள் 14,500, மருந்தும் பரிசோதனையும் 9,600. இது தவிர ஆம்புலன்ஸ் 17,500, சிலிண்டர் 1,200, உள்ளூர் மருத்துவமனை 3,800, உடன் வந்தவர்கள் தங்கச் சாப்பிட 6,500. எல்லாம் சேர்த்து 2,03,600.

அவர் பர்ஸில் 1,80,000 வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒன்று இருந்தது. திங்கள் காலை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன்பணம் ஒரு லட்சத்தை அதில் கட்டிவிட்டு 8 மணிக்கே கிளம்பியிருக்கலாம். அப்பா 10 மணிக்குச் சங்கத்துக்குப் போய், வாங்கிய பணத்தைக் கணக்கில் போட்டிருக்கலாம். கார்டு வட்டி அதிகம் என்பது உண்மை, ஆனால் கெடு தேதிக்குள் நகைப் பணத்தால் அடைத்துவிட்டால் வட்டியே கிடையாது. மருத்துவமனைக்கு யுபிஐயில் கட்டும் உச்சவரம்பும் 2024 ஜனவரியிலிருந்து 5 லட்சம். நோயாளியும் பணமும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்ற எண்ணம் பழைய காலத்தது. எங்கள் எல்லாருக்கும் அன்று அதுவே இருந்தது.

விலக்கு வாசகத்தைப் படித்தபோது

திங்கள் இரவுதான் பாலிசிப் புத்தகத்தை எடுத்தேன். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவ பாலிசிகளின் விலக்குகளுக்கு, அதாவது எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பதற்கு, பொது வாசகம் வகுத்தது. அதில் 9-ஆம் எண் சாகச விளையாட்டு பற்றியது. பாறையேற்றம், மலையேற்றம், ராஃப்டிங், மோட்டார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஸ்கூபா டைவிங், ஆழ்கடல் டைவிங் என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டியலுக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது: இவற்றில் 'தொழில்முறையாக' ஈடுபட்டதால் தேவைப்படும் சிகிச்சைக்கு மட்டும்தான் விலக்கு. பொழுதுபோக்காக டைவ் செய்பவர் இதில் வரமாட்டார். நான் காலையில் சொன்னது தவறு.

செவ்வாய் காலை 8 மணிக்கு, அனுமதித்த 24 மணி நேரத்துக்குள், நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துக் கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நிறுவனமே நேராகப் பணம் கட்டுவது) கேட்டோம். மாலையில் மறுத்துவிட்டார்கள். காரணம் 9-ஆம் விலக்கு. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், உள்ளூர் மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதத்தில் "33 வயது ஸ்கூபா டைவர், இடது தோள் வலி" என்று தொடங்கியிருந்தது. கொச்சியில் அனுமதிப் படிவம் நிரப்பியவர் அதைப் பார்த்துத் தொழில் என்ற கட்டத்தில் 'ஸ்கூபா டைவர்' என்று எழுதிவிட்டார். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் மனிதர், காகிதத்தில் தொழில்முறை டைவர் ஆகிவிட்டார்.

நல்லவேளை, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இதைக் கண்டுபிடித்தோம். மருத்துவமனை திருத்தக் கடிதம் தந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பொழுதுபோக்கு டைவிங்குக்குப் பிறகு, உயரமான இடத்துக்கு ஏறியதால்' என்று காரணத்தைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்டோம், எழுதினார்கள்.

மறுப்பும் முறையீடும்

கையிலிருந்து கட்டிவிட்டு, மார்ச்சில் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தோம். ஏப்ரலில் மறுப்பு. மறுபடியும் 9-ஆம் விலக்கு, திருத்தக் கடிதத்தைப் பார்த்ததற்கான அடையாளமே இல்லை. மே மாதம் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினோம். ஜூனில் அதே பதில், இன்னும் மரியாதையான மொழியில்.

ஜூலையில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். நிறுவனத்திடம் முதலில் எழுதி, மறுப்பு வந்த பிறகோ ஒரு மாதம் பதில் வராத பிறகோ போகலாம். மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. குடும்பமே எழுதியது, நான் காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வைத்தவை: வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டு, பொழுதுபோக்கு டைவர் என்ற சான்றிதழ் அட்டை, லாக் புக்கின் அந்த இரு நாள் பக்கங்கள், திருத்தக் கடிதம். எல்லாவற்றையும்விட வேலை செய்தது புதுச்சேரி டைவிங் சென்டரின் ரசீது. தொழில்முறையில் டைவ் செய்பவர் பணம் வாங்குவார். இவர் ஐந்து டைவுக்கும் பணம் கட்டியிருக்கிறார். செப்டம்பரில் வீடியோ வழியாக நடந்த விசாரணையில் மனைவி இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னார். நிறுவனத்தின் தரப்பில் வந்தவர் அதற்குப் பிறகு சேம்பர் சிகிச்சை அவசியமா என்ற பக்கம் போனார். டிஸ்சார்ஜ் சம்மரி அதற்குப் பதில் சொன்னது.

அக்டோபரில் 1,72,000 ரூபாய் வந்தது. மருத்துவமனை பில்லில் கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவற்றுக்கு 5,400-உம், அறை வாடகை வரம்புக்கு மேல் போன 3,000-உம் கழித்தார்கள். உள்ளூர் மருத்துவமனையின் 3,800 முழுதாக வந்தது. ஆம்புலன்ஸுக்குப் பாலிசி வரம்பான 2,000 மட்டும். குடும்பத்தின் கையிலிருந்து போனது 31,600. நகைக் கடனுக்கு எட்டு மாத வட்டி 16,000. நகை தீபாவளிக்கு முன்பு வீடு வந்தது.

என்ன மாற்றுவோம்

முதல் மாற்றம் என்னிடம். அந்த 7.40 அழைப்புக்குச் சரியான பதில் "முதல்ல இறங்குங்க, நான் பாலிசியைப் படிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்பதுதான். 7.40-லிருந்து 11.05 வரை அவர் 1,800 மீட்டரில் இருந்தார். அதில் ஒரு மணி நேரம் ஆக்சிஜனே இல்லை, அரை மணி நேரம் போதாத ஆக்சிஜன். இதனால் அவருக்கு நிரந்தரப் பாதிப்பு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

அதன் பிறகு நான் விற்கும் பாலிசிகளை உட்கார்ந்து படித்தேன். 9-ஆம் விலக்கு எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது. ஆனால் வேறு ஒரு சிக்கல்: சில பாலிசிகள் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையையே, அதாவது சேம்பர் சிகிச்சையையே, பெயர் சொல்லி விலக்குகின்றன. இந்தக் குடும்பத்தின் பாலிசியில் அந்த வரி இல்லாதது அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் பில்லில் 1,14,000-த்துக்குக் குறைதீர்ப்பாளராலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. தனிநபர் விபத்துப் பாலிசி, பயணப் பாலிசி ஆகியவற்றின் வாசகம் தனி. பொழுதுபோக்கு டைவிங்கையும் சேர்த்து விலக்குபவை அவற்றில் உண்டு. டைவ் செய்பவர் என்று தெரிந்தால் சாகச விளையாட்டு, சேம்பர் சிகிச்சை பற்றிய இரண்டு வரிகளையும் இப்போது விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

உள்ளூர் மருத்துவமனையின் டாக்டரை ஒருநாள் போய்ப் பார்த்தேன். பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரியை அவர் இப்போது வேறு மாதிரி எழுதுவதாகச் சொன்னார்: முதலில் தொழில், அப்புறம் நடந்தது. அவருக்கு அது ஒரு சொல் மாற்றம்தான். எங்களுக்கு எட்டு மாதம்.

அவர் டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுத்துவிட்டார். ஒரு வருடச் செலவு, புதுச்சேரியில் ஒரு வார இறுதி டைவுக்குக் கட்டுவதைவிடக் குறைவு. சேம்பர், பயணம், அவசர ஏற்பாடு எல்லாம் அதில் வருகிறது. அட்டையின் படம் மனைவியின் போனிலும் அப்பாவின் போனிலும் இருக்கிறது. சரி, மறுபடி டைவ் செய்கிறாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் சோதித்து அனுமதி வாங்கிய பிறகு, நவம்பரில் போனார். ஞாயிறு பகல் முடித்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் படுத்து, திங்கள் மத்தியானம், கம்ப்யூட்டரில் விமானப் படம் அணைந்த பிறகு, கோத்தகிரி பஸ் ஏறினார். அலுவலகத்துக்கு அன்று அரை நாள் லீவு.